வெள்ளை ஈ கற்றுக்கொடுத்த பாடம்



இந்த மாதப் பாடம் ஒரு பூச்சியைப் பற்றியது. 'பூச்சியா?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்தப் பூச்சி விஷயத்தில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஸ்டிபிஎம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்த மாதங்களில், உரமும் பூச்சிமருந்தும் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். எங்கள் தாமானில் இருந்த ஒரு மாமா அங்கே அடிக்கடி வருவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கையில் கிடைத்த சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் நிலத்தை வாடகைக்கு எடுத்து, பைகளில் மிளகாய் போட்டிருந்தார். முதல் அறுவடை நன்றாக வந்தது. கடைக்கு வரும்போது எங்களுக்கும் ஒரு பை மிளகாய் கொண்டுவந்து கொடுப்பார்.

ஒரு நாள் ஒரு கிளையை ஒடித்து எடுத்து வந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மாவு தூவியது போல வெள்ளையாக இருந்தது. தட்டியதும் பறந்தது.

"தம்பி, இதுக்கு என்னடா அடிக்கிறது?"

கடையில் எது அதிகம் விற்கிறதோ அதையே எடுத்துக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார். "மொதல்ல போச்சு தம்பி. இப்ப மறுபடியும் வந்துருச்சு." நான் யோசிக்கவே இல்லை. "அளவைக் கொஞ்சம் கூட்டி அடிங்க மாமா" என்று அதே மருந்தைக் கொடுத்தேன். அடுத்த முறையும் அதேதான். நான்காவது முறை வந்தபோது அவர் கையில் இருந்த இலைகள் சுருண்டு மஞ்சளாகிக் கிடந்தன. எல்லாச் செடிகளையும் பிடுங்கிப் போடவேண்டியதாயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நம்ம நேரம் அப்படி" என்று மட்டும் சொன்னார்.

நேரம் காரணமில்லை. நான் கொடுத்த மருந்தும் ஒரு காரணம். அது எனக்குப் புரிந்தது இரண்டு வருடம் கழித்து, பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் வகுப்பில் பருத்தியைப் பற்றிப் படித்தபோதுதான். நம் நாட்டில் பருத்தி விளைவதில்லை. ஆனால் மாமாவின் மிளகாயை அழித்த வெள்ளை ஈதான் பருத்தி உலகத்தின் பெரிய எதிரிகளில் ஒன்று. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டு மிளகாய்ச் செடிக்கும் பாடம் கிடைக்கும்.

2015, பஞ்சாப்

இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில் பட்டிண்டா, மான்ஸா, ஃபாசில்கா, முக்த்சர் ஆகிய மாவட்டங்கள் பருத்திக்குப் பேர் போனவை. 2015ல் அங்கே நாலரை லட்சம் ஹெக்டேர் அளவில் பருத்தி விதைத்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வெள்ளை ஈ கூட்டம் கூட்டமாகப் பெருகியது. மாநிலத்தின் பருத்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சேதமானது என்று மதிப்பிட்டார்கள்.

விவசாயிகள் சும்மா இருந்தார்களா? இல்லை. பத்து முறைக்கு மேல் மருந்து அடித்தவர்கள் பலர். கடன் வாங்கி அடித்தார்கள். பூச்சி சாகவில்லை. விற்ற மருந்தே போலி என்று புகார் எழுந்து, வழக்கும் கைதும் நடந்தன. கடன் சுமை தாங்காமல் உயிரை விட்ட விவசாயிகளைப் பற்றிய செய்திகள் வந்தன. அக்டோபரில் விவசாயிகள் நாள் கணக்கில் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்து இழப்பீடு கேட்டார்கள்.

அவர்கள் போட்டதில் பெரும்பகுதி பி.டி. பருத்தி. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் சேர்த்து உருவாக்கிய விதை அது. 2002ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அது காய்ப்புழுவை எதிர்க்கும். ஆனால் சாறு உறிஞ்சும் வெள்ளை ஈயை ஒன்றும் செய்யாது. அதோடு, விற்பனைக்கு வந்த பல கலப்பின விதைகள் வெள்ளை ஈ பரப்பும் நோயைத் தாங்கும் சக்தி இல்லாதவை. விதைப்பும் பல இடங்களில் தாமதமானது. எல்லாம் சேர்ந்து வந்தது.

ஈ இல்லாத ஈ

வெள்ளை ஈ என்று பெயர்தான், ஆனால் அது ஈ இனமே இல்லை. அசுவினி, தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி இவற்றுக்குத்தான் சொந்தம். நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இதன் அறிவியல் பெயர் பெமிசியா டபாசி. 1889ல் கிரீஸ் நாட்டில் புகையிலைச் செடியில் கண்டு முதன்முதலில் விவரித்தார்கள். 'டபாசி' என்ற பெயர் அந்தப் புகையிலையால் வந்தது.

பெண் பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடும். ஒரு பெண் நூறுக்கும் மேல் இடக்கூடும். குஞ்சு பொரித்ததும் கொஞ்ச தூரம் ஊர்ந்து, ஓர் இடத்தில் ஊசி போன்ற வாயைக் குத்தி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் மூன்று வாரத்துக்குள் வளர்ந்து பறந்துவிடும். நாம் மேலே இருந்து மருந்து அடிக்கிறோம், அது இலைக்குக் கீழே குடை பிடித்தது போல் உட்கார்ந்திருக்கிறது. மருந்து வீணாவதற்கு இதுவே முதல் காரணம்.

சாற்றை உறிஞ்சுவதால் செடி வாடும். அது வெளியேற்றும் இனிப்பான பிசின் இலையிலும் வெடித்த பஞ்சிலும் விழும். அதில் கரும்பூசணம் படரும். ஒட்டும் பஞ்சை நூற்பாலைகள் வாங்கத் தயங்கும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது வைரஸ். நூற்றுக்கும் மேற்பட்ட செடி வைரஸ்களை இந்தப் பூச்சி பரப்புகிறது. பருத்தியில் வருவது இலைச்சுருட்டு நோய். இலை சுருளும், நரம்பு தடிக்கும், சில சமயம் இலைக்கு அடியில் இன்னொரு குட்டி இலை முளைக்கும். இந்த நோயை 1967ல் பாகிஸ்தானின் முல்தான் பக்கம் கண்டார்கள். 1990களில் அங்கே பெரும் நாசம் செய்துவிட்டு, எல்லை தாண்டி ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாவுக்குள் வந்தது. ஒரு செடிக்கு வைரஸ் பிடித்துவிட்டால் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. மாமாவின் மிளகாய்ச் செடியும் அப்படித்தான் போனது.

ஒரே உருவம், பல இனம்

இப்போது பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வருகிறோம்.

வெகுகாலம் உலகம் முழுக்க இருப்பது ஒரே வெள்ளை ஈ என்றுதான் நினைத்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே தெரியும். 1980களின் நடுவில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அலங்காரச் செடிகளில் ஒரு புதிய வகை கிளம்பியது. பழைய வகை தொடாத பயிர்களை எல்லாம் அது தின்றது. பூசணி இலை வெள்ளி பூசியது போல் மாறியது. உருவம் அதே, குணம் வேறு. அதற்கு 'பி வகை' என்று பெயர் வைத்தார்கள். பிறகு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து 'கியூ வகை' வந்தது.

மரபணுவைப் படித்தபோதுதான் குட்டு உடைந்தது. உயிரணுவுக்குள் இருக்கும் இழைமணியின் ஒரு மரபணுவை எடுத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்கள். அதில் மூன்றரை விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் தனி இனம் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். இன்று பெமிசியா டபாசி என்ற ஒரே பெயருக்குள் நாற்பது இனங்கள் வரை இருக்கின்றன என்கிறார்கள். ஒன்றோடு ஒன்று கூடினாலும் பெரும்பாலும் வாரிசு உண்டாவதில்லை.

'அதனால என்ன? எல்லாம் வெள்ளை ஈதானே?' என்று வார வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. வட இந்தியப் பருத்தியில் அதிகம் இருப்பது 'ஆசியா 2-1' என்ற இனம். சீனாவில் செய்த ஆய்வில், பருத்தி இலைச்சுருட்டு வைரஸை அந்த இனம் நன்றாகப் பரப்பியது. அதே வைரஸை பி, கியூ வகைகளுக்குக் கொடுத்தபோது அவற்றால் சரியாகப் பரப்ப முடியவில்லை. வைரஸ் பூச்சியின் குடல் சுவரைத் தாண்டி உடலுக்குள் போகவேண்டும். ஓர் இனத்தில் அந்தக் கதவு திறக்கிறது, இன்னோர் இனத்தில் திறப்பதில்லை.

மருந்திலும் இதே வித்தியாசம்தான். சீனாவில் முதலில் பி வகைதான் எங்கும் இருந்தது. நியோநிகோட்டினாய்டு என்ற வகை மருந்தை அதிகம் அடித்த இடங்களில், அதைத் தாங்கக்கூடிய கியூ வகை சில வருடங்களில் பி வகையை ஓரம் கட்டிவிட்டது. மருந்து அடித்து ஓர் எதிரியை விரட்டினார்கள், அந்தக் காலி இடத்தில் அதைவிட வலுவான எதிரி வந்து உட்கார்ந்தான். வயலில் இருப்பது எந்த இனம் என்று தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இதுதான் நடக்கும்.

அதே மருந்து ஏன் தோற்கிறது? ஒரு கணக்கு

ஒரே இனத்துக்குள்ளும் எல்லாப் பூச்சியும் ஒன்றில்லை. ஒரு பேப்பர் எடுத்து என்னோடு கணக்குப் போடுங்கள். இவை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள்.

ஒரு வயலில் 1000 வெள்ளை ஈக்கள். அதில் 10க்கு மட்டும் மருந்தைத் தாங்கும் மரபணு பிறவியிலேயே இருக்கிறது. மீதி 990 சாதாரணமானவை. மருந்து அடிக்கிறோம். சாதாரணமானவற்றில் 95 விழுக்காடு சாகின்றன, சுமார் 50 பிழைக்கின்றன. தாங்கும் 10ம் பிழைக்கின்றன. மொத்தம் 60 பூச்சிதான் மிச்சம். 'அப்பாடா, போச்சு' என்கிறோம்.

மூன்று வாரத்தில் அவை 20 மடங்கு பெருகுகின்றன. இப்போது சாதாரணமானவை 1000, தாங்குபவை 200. மறுபடி அதே மருந்து. மிச்சம் 50ம் 200ம். ஐந்தில் நான்கு பங்கு தாங்கும் பூச்சி! மறுபடி 20 மடங்கு பெருகினால் 1000ம் 4000ம். மூன்றாவது முறை அடித்தால் 4050 பூச்சி உயிரோடு இருக்கும். 'மருந்து வேலை செய்யல' என்போம்.

மருந்து எந்தப் பூச்சியையும் மாற்றவில்லை. தாங்கக்கூடியதை நாமே பொறுக்கி எடுத்து, போட்டியில்லாமல் வளர்த்துவிட்டோம். 'அளவைக் கூட்டி அடிங்க மாமா' என்று நான் சொன்னது இதைத்தான் செய்தது.

வெள்ளை ஈயில் இது இன்னும் வேகமாக நடக்க ஒரு காரணம் உண்டு. அதன் கருவுறாத முட்டையிலிருந்து ஆணும், கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் பிறக்கும். ஆகவே ஆணிடம் ஒவ்வொரு மரபணுவும் ஒரே ஒரு பிரதிதான். நம் உடலில் ஒரு மரபணு இன்னொரு பிரதியின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ஆண் வெள்ளை ஈயில் ஒளிய இடமில்லை. தாங்கும் மரபணு இருந்தால் உடனே பலன் தரும், அந்த ஆண் பிழைத்துத் தன் மகள்கள் எல்லோருக்கும் அதைக் கொடுத்துவிடும்.

இன்னோர் அதிசயம். செடிகள் பூச்சியை விரட்டத் தங்களுக்குள்ளேயே நச்சு வைத்திருக்கும். அந்த நச்சு தன்னையே பாதிக்காமல் இருக்க, செடியிடம் அதை முறிக்கும் மரபணுவும் உண்டு. வெள்ளை ஈயின் முன்னோர் எப்போதோ அந்த மரபணுவைச் செடியிடமிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறது! 2021ல் சீன, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பூச்சியின் அந்த மரபணுவை மட்டும் அடக்கும்படி மாற்றிய தக்காளிச் செடியில் விட்டபோது, வெள்ளை ஈக்கள் கிட்டத்தட்ட எல்லாமே செத்தன.

அரிசோனாவில் எப்படிச் சமாளித்தார்கள்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் 1990களில் பருத்தி இப்படித்தான் தவித்தது. 1995ல் பைரித்திராய்டு மருந்துக் கலவைகள் கைகொடுக்கவில்லை. 1996ல் இரண்டு புதிய மருந்துகள் வந்தன: புப்ரோஃபெசின், பைரிப்ராக்சிஃபென். இவை பூச்சியின் நரம்பைத் தாக்குவதில்லை. முட்டையும் குஞ்சும் வளர்வதைத் தடுக்கும். வெள்ளை ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

புதிய மருந்து கிடைத்ததும் அவர்கள் அள்ளி அடிக்கவில்லை. ஒரு பருவத்தில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறைதான் அடிக்கலாம் என்று விதி வைத்தார்கள். இலையில் பூச்சியை எண்ணி, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் அடித்தார்கள். பின்னாளில் பருத்தி, காய்கறி, முலாம்பழம் போடுபவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, யார் எந்த மருந்தை எப்போது பயன்படுத்துவது என்று பகிர்ந்துகொண்டார்கள். ஏனென்றால் வெள்ளை ஈக்கு வேலி தெரியாது. என் வயலில் எதிர்ப்புச் சக்தி வளர்ந்தால் பக்கத்து வயலுக்கும் போகும். மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்தது. மிச்ச வேலையை நல்ல பூச்சிகளே பார்த்துக்கொண்டன.

பஞ்சாபும் 2015க்குப் பிறகு மாறியது. கிராமங்களில் ஆட்களை நியமித்து வயல் வயலாகப் பூச்சியை எண்ணவைத்தார்கள். பருத்தி இல்லாத காலத்தில் வெள்ளை ஈ தங்கும் களைகளை வாய்க்கால் ஓரத்திலிருந்து அகற்றினார்கள். நோய் தாங்கும் விதைகளைப் பரிந்துரைத்தார்கள். அடுத்த சில வருடங்களில் அந்த அளவு அழிவு வரவில்லை. 2022ல் பூச்சி மறுபடி தலை தூக்கியது. இந்த வேலையை ஒருமுறை செய்து முடித்துவிட முடியாது.

வயலில் செய்யவேண்டியவை

பஞ்சாபில் சொல்லப்படும் வழிகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. காலத்தில் விதை. மே நடுப்பகுதிக்குள் விதைத்துவிட்டால், பூச்சி பெருகும்போது செடி ஓரளவு வளர்ந்து தாங்கும்.

2. தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டாதே. தளதளவென்ற இலை வெள்ளை ஈக்கு விருந்து.

3. எண்ணிப் பார். காலை பத்து மணிக்குள், பூச்சி சுறுசுறுப்பாகும் முன், செடியின் மேல்பகுதி இலைகளை மெல்லத் திருப்பி எண்ணவேண்டும். சராசரியாக இலைக்கு ஆறு பூச்சி வந்தால்தான் மருந்து.

4. மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிடு. வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும். தொடக்கத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும்.

5. நல்ல பூச்சியைக் காப்பாற்று. பொறிவண்டு, பச்சைக் கண்ணாடி இறக்கைப்பூச்சி, வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டையிடும் குட்டிக் குளவி எல்லாம் நம் ஆட்கள். பைரித்திராய்டு அடித்தால் முதலில் சாவது அவர்கள்தான்.

6. மருந்தை மாற்று. பெயரை மாற்றினால் போதாது, அது தாக்கும் விதம் மாறவேண்டும். பல மருந்துகளின் லேபிளில் குழு எண் இருக்கும். ஒரே எண்ணுள்ள மருந்தை அடுத்தடுத்து அடிக்கக்கூடாது. லேபிளில் உள்ள அளவைக் கூட்டவும் கூடாது.

பூச்சியில் மட்டுமல்ல, செடியிலும் மரபணு வேறுபாடு உண்டு. இந்தியாவின் பழைய நாட்டுப் பருத்தி இனமான காசிப்பியம் ஆர்போரியத்துக்கு இலைச்சுருட்டு நோய் வருவதில்லை. அதன் பஞ்சு இழை குட்டை என்பதால் சந்தையில் மதிப்பு குறைந்து, பரப்பும் சுருங்கியது. 2015ல் அதைப் போட்டிருந்த சிலர் தப்பித்தார்கள். லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தினர் இன்னொரு வழியில் போனார்கள். ஒரு பெரணிச் செடியில் வெள்ளை ஈயைக் கொல்லும் புரதத்தைக் கண்டு, அதன் மரபணுவைப் பருத்தியில் சேர்த்து, 2016ல் முடிவை வெளியிட்டார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் பி.டி. பருத்தியின் பாடத்தை மறக்கவேண்டாம். எந்த ஒரு ஆயுதத்தையும் மட்டும் நம்பினால், தாங்கும் பூச்சியைப் பொறுக்கி வளர்க்கும் அதே கணக்கு மறுபடி தொடங்கிவிடும்.

மாமாவிடம் போனேன்

இதையெல்லாம் படித்த பிறகு, விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கணக்கையும் பேப்பரில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப நான்தான் அதுக்குச் சோறு போட்டு வளத்திருக்கேன்" என்றார்.

"நானும்தான் மாமா."

வாடகை நிலம் போய்விட்டது. வீட்டுக்கு முன்னால் பன்னிரண்டு பையில் மிளகாய் வைத்திருக்கிறார். இப்போது மஞ்சள் அட்டை தொங்குகிறது. தினமும் காலையில் தேநீர் குடித்துக்கொண்டே இலையைத் திருப்பி எண்ணுகிறார். போன வாரம் எனக்குப் போன் பண்ணினார்: "தம்பி, இன்னிக்கு இலைக்கு ரெண்டுதான். ஒரு பொறிவண்டும் பார்த்தேன். அடிக்கல."

கலந்துரையாட

1. உங்கள் வீட்டுச் செடியில் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். என்னென்ன பூச்சிகள் இருக்கின்றன? எவை நல்லவை?

2. மேலே போட்ட கணக்கில், இரண்டாவது முறை வேறு குழு மருந்தை அடித்து, அது இரு வகையிலும் 95 விழுக்காட்டைக் கொன்றிருந்தால் மிச்சம் எத்தனை? போட்டுப் பாருங்கள்.

3. அரிசோனாவில் பல பயிர்க்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். உங்கள் தாமானில் கொசு ஒழிப்புக்கு அப்படிச் செய்யமுடியுமா?

4. அடுத்த முறை யாராவது உங்களிடம் 'இதுக்கு என்ன அடிக்கிறது?' என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நீங்கள் அவரிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள் என்ன?